திருடியவனும் திருடனும்

கேள்வி இதுதான்: "ஒருவர் மேல் ஒருமுறை வெறுப்பு வந்துவிட்டால், அப்புறம் அவரிடம் இருக்கும் எந்த நல்லதும் என் கண்ணில் படுவதில்லை. 'தப்பு செய்யாதவர் யார், நல்லதைப் பார்' என்கிறார்கள். எப்படிப் பார்ப்பது? அப்படிப் பார்த்தால் ஏமாளி ஆகிவிட மாட்டேனா?"

கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. நல்லதைப் பார்க்கத் தெரியாதவர்கள் ரொம்பக் குறைவு. பார்த்துவிட்டால் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்குமே என்ற பயம்தான் பெரும்பாலும் கண்ணை மூட வைக்கிறது. "ஆமாம், அவர் எனக்கு உதவியிருக்கிறார்" என்று ஒப்புக்கொண்ட மறுநிமிடம், "அப்படியானால் மன்னித்துவிட வேண்டியதுதானே?" என்பார்கள். மன்னித்தேன் என்றால், "பழையபடி போக்குவரத்து வைத்துக்கொள்" என்பார்கள். வைத்துக்கொண்டால் மறுபடி அடி. இந்தச் சங்கிலி மனசுக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் முதல் கண்ணியிலேயே மறுத்துவிடுகிறது: அவனிடம் நல்லதே கிடையாது!

அந்தக் கண்ணிகளைக் கழற்றிவிடுங்கள் என்பதுதான் என் பதில். நல்லதைப் பார்ப்பது ஒரு வேலை. மன்னிப்பது வேறு வேலை. நம்பி ஒன்றை ஒப்படைப்பது மூன்றாவது வேலை. முதலாவதைச் செய்ததற்காக மற்ற இரண்டையும் செய்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எனக்கு இது புரிந்த விதத்தைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒரு மூத்தவர் இருந்தார். ஆறு வாரம் உட்கார்ந்து நான் எழுதிய அறிக்கையை, "சும்மா ஒரு பார்வை பார்க்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார். அடுத்த வாரக் கூட்டத்தில் அது திரையில் ஓடியது. முகப்பில் அவர் பெயர். நான்காம் பக்கத்தில் 'செலவினம்' என்பதை 'செலவினாம்' என்று நான் தவறாக அடித்திருந்தேன். அந்தத் துணைக்கால்கூட அப்படியே நின்றது. எடுத்ததை ஒருமுறை படித்துக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் அன்று எனக்கு அதிகம் வலித்தது.

அடுத்த வருடம் என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. இரவில் துணைக்கு ஆள் வேண்டும். கூடப் பிறந்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. கேட்காமலே வந்து நின்றவர் அந்த மனிதர்தான். "நீ போய்ப் படு, பகலில் பார்த்துக்கொள்" என்று என்னை அனுப்பிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று இரவும் உட்கார்ந்திருந்தார். காலையில் போனால், ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, அம்மா எத்தனை முறை விழித்தார், என்ன கேட்டார் என்று கோழிக்கிறுக்கலாக எழுதி வைத்திருப்பார். "2.10 – தண்ணீர் கேட்டார். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன்." அந்த உறை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநாள் திண்டாடினேன். உதவிக்கு வந்ததால் அந்தத் திருட்டு நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? திருடியதால் அந்த மூன்று இரவும் நடிப்பு என்று ஆகிவிடுமா? "குற்ற உணர்ச்சியில் வந்திருப்பான்" என்றார் ஒரு நண்பர். இருக்கலாம். ஆனால் குற்ற உணர்ச்சியில் வந்த ஆள் அம்மா தண்ணீர் கேட்ட நேரத்தைக் குறித்து வைப்பாரா என்று எனக்கு அப்போதே சந்தேகம்தான்.

ஒன்றை வைத்து இன்னொன்றை அழித்துவிடத்தான் மனசு பார்க்கிறது. ஏன் என்பதற்கு உளவியலில் சில பழைய பதில்கள் உண்டு. 1967-ல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கியூபாவின் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்து, எழுதியவரின் உண்மையான கருத்து என்ன என்று கேட்டார்கள். "எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யவில்லை, அவருக்குச் சொல்லப்பட்டது" என்று தெளிவாகச் சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் ஆதரவாளராகத்தான் இருப்பார் என்ற பக்கமே படித்தவர்கள் சாய்ந்தார்கள். சூழ்நிலை கண்ணெதிரே இருந்தும் ஆளைத்தான் பார்த்தார்கள். காரணம் கற்பிப்பதில் நாம் செய்யும் அடிப்படைப் பிழை என்று இதற்கு 1977-ல் லீ ராஸ் என்ற உளவியலாளர் பெயர் வைத்தார். நமக்கே நடக்கும்போது மட்டும் இந்தப் பிழையைச் செய்வதில்லை, அதுதான் வேடிக்கை. நான் தாமதமாக வந்தால் வண்டி கிடைக்கவில்லை. அவர் தாமதமாக வந்தால் பொறுப்பில்லாத ஆள்.

அப்புறம், கெட்டதற்கு எடை அதிகம். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும் என்று நாமே சொல்கிறோம். ஒரு குடம் விஷத்தை ஒரு துளி பால் ஒன்றும் செய்யாது. உளவியலாளர்களான பால் ரோசின் (Paul Rozin), எட்வர்ட் ராய்ஸ்மேன் இருவரும் 2001-ல் இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ஆபத்தைத் தவறவிட்டவன் உயிரோடு இல்லாமல் போவான், நல்லதைத் தவறவிட்டவன் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பழைய கணக்கு நம் தலைக்குள் இன்னும் ஓடுகிறது. ஆகவே உங்கள் கண்ணில் நல்லது படவில்லை என்றால் அதை உங்கள் குணக்கேடாக நினைக்க வேண்டாம். கண் அப்படித்தான் அமைந்திருக்கிறது. நல்லது தானாகப் படாது, தேடித்தான் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது மெலனி க்ளைன் சொன்னது. குழந்தைகளின் மனத்தை ஆராய்ந்த உளப்பகுப்பாய்வாளர் அவர். கைக்குழந்தைக்கு, பசிக்கும்போது வந்து பால் கொடுக்கும் அம்மாவும், அழ அழ வராமல் போகும் அம்மாவும் ஒரே ஆள் இல்லை என்றார். ஒருத்தி முழுக்க நல்லவள், இன்னொருத்தி முழுக்கக் கெட்டவள். பிறகு ஒரு கட்டத்தில்தான் இருவரும் ஒருத்தியே என்பது குழந்தைக்கு உறைக்கிறது. வளர்ச்சியில் இவ்வளவு பெரிய முன்னேற்றத்துக்கு க்ளைன் வைத்த பெயர் என்ன தெரியுமா? சோர்வு நிலை. நான் கோபத்தில் கடித்தது அந்தக் கெட்டவளை என்று நினைத்தேனே, கடைசியில் அது என்னைத் தூக்கி வைத்துக்கொண்டவளா என்ற துக்கம் அது. முழுசாக வெறுப்பதில் ஒரு தெம்பு இருக்கிறது. ஒருவரை முழுசாகப் பார்க்கத் தொடங்கும்போது அந்தத் தெம்பு போய்விடுகிறது. பலர் பாதியிலேயே திரும்பி வெறுப்புக்குள் போய்விடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சரி, பார்த்த பிறகு என்ன செய்வது? இங்கே திருக்குறளில் நாம் அடிக்கடி கலந்துவிடும் இரண்டு குறள்களைப் பிரித்து வைத்துக்கொள்வது உதவும். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: "குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்." தப்பு செய்தவரைப் பொறுத்துப்போகச் சொல்லும்போது இதைத்தான் எடுத்து வீசுவார்கள். ஆனால் இது பொறையுடைமை அதிகாரத்தில் இல்லை. 51-ஆம் அதிகாரமான 'தெரிந்து தெளிதல்' என்பதில், 504-ஆவது குறளாக இருக்கிறது. அந்த அதிகாரம் ஒருவரை ஆராய்ந்து பொறுப்புக்குத் தேர்ந்தெடுப்பது பற்றியது. எடை போட்டுப் பார்க்கச் சொல்வது அந்த வேலைக்குத்தான். குற்றத்தைக் கண்டுகொள்ளாதே என்று அது சொல்லவே இல்லை, 'குற்றமும் நாடி' என்கிறது.

மற்றது 109-ஆவது குறள்: "கொன்றன்ன இன்னா செயினும் அவர்செய்த ஒன்றுநன்று உள்ளக் கெடும்." கொன்றாற்போன்ற கொடுமையைச் செய்தாலும், அவர் முன்னால் செய்த ஒரே ஒரு நன்மையை நினைத்தால் அது மறைந்துபோகும். இது இருப்பது 'செய்ந்நன்றி அறிதல்' அதிகாரத்தில். இங்கே தராசே கிடையாது. ஒன்று போதும், அதுவும் 'அவர் செய்த' ஒன்று. பேசப்படுவது மனசில் கிடக்கும் கசப்பு. சாவியைத் திருப்பிக் கொடுப்பது பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. என் மனசின் கசப்புக்கு 109, என் அறிக்கையை யாரிடம் கொடுப்பது என்பதற்கு 504. இப்படி வைத்துக்கொண்ட பிறகுதான் எனக்குத் திண்டாட்டம் நின்றது.

பெரிய அளவில் யோசிக்க வேண்டுமானால் ஆஸ்கர் ஷிண்ட்லரை எடுத்துக்கொள்ளலாம். நாஜிக் கட்சி உறுப்பினர். ஜெர்மன் உளவுத்துறைக்கு வேலை பார்த்தவர். 1939-ல் போலந்து ஆக்கிரமிக்கப்பட்டதும் கிராக்கோவுக்கு லாபம் தேடிப் போனவர். யூதர்களிடமிருந்து பறிபோன ஒரு பாத்திரத் தொழிற்சாலையை எடுத்து, மலிவாகக் கிடைத்த யூதத் தொழிலாளர்களை வைத்து ஓட்டினார். குடி, பெண்கள், கள்ளச்சந்தை, லஞ்சம் என்று எதிலும் குறைவில்லை. இதே மனிதர்தான் போர் முடிவதற்குள் தன் கையிருப்பைக் கரைத்து, சுமார் 1,200 யூதர்களின் உயிரைக் காப்பாற்றினார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பொதுவாக 'கெட்டவர் நல்லவராக மாறினார்' என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் அந்த உயிர்களைக் காப்பாற்றியது எதை வைத்து? அதிகாரிகளோடு விடிய விடியக் குடிக்கும் பழக்கத்தை வைத்து. கள்ளச்சந்தையில் வாங்கிய பொருளைப் பரிசாகக் கொடுத்துக் காரியம் சாதிக்கும் கெட்டிக்காரத்தனத்தை வைத்து. கூசாமல் பொய் சொல்லும் வாயை வைத்து. ஒழுக்கமான ஒரு கணக்கர் அந்த இடத்தில் இருந்திருந்தால் ஒருவரைக்கூட வெளியே கொண்டுவந்திருக்க முடியுமா தெரியாது. குணமும் குற்றமும் சில பேரிடம் ஒரே வேரிலிருந்து வருகின்றன. பிடிவாதக்காரர்தான் கடைசிவரை கூட நிற்பார். வெடுக்கென்று பேசுபவர்தான் யாரும் சொல்லத் துணியாத உண்மையையும் சொல்வார். உங்களை எரிச்சல்படுத்தும் அந்தக் குணம் வேறு எந்த இடத்தில் பயன்பட்டிருக்கிறது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். நல்லதைத் தேடுவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி இது.

ஷிண்ட்லரை இத்தோடு விட்டுவிடக் கூடாது. போருக்குப் பிறகு மனைவி எமிலியோடு அர்ஜென்டினாவுக்குப் போனார், தொழில் நொடித்தது, 1950-களின் இறுதியில் அவரை அங்கேயே விட்டுவிட்டு ஜெர்மனி திரும்பிவிட்டார். மறுபடி சேர்ந்து வாழவில்லை. அந்த 1,200 பேரைக் காப்பாற்றியதில் எமிலிக்கும் பங்கு உண்டு, நோயாளிகளைக் கவனித்தவர் அவர். 1974-ல் ஷிண்ட்லர் இறந்தபோது உடல் ஜெருசலேமில் அடக்கம் செய்யப்பட்டது. பிழைத்தவர்களுக்கு அவர் தெய்வம். எமிலிக்கு, விட்டுவிட்டுப் போன கணவர். இதில் எது உண்மை என்று கேட்டால் இரண்டும்தான். பிழைத்தவர்களின் நன்றியைக் காட்டி எமிலியிடம் "எவ்வளவு நல்ல மனிதர், நீயும் மறந்துவிடேன்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. குற்றம் யாருக்குச் செய்யப்பட்டதோ அவர் கணக்கை அவர்தான் தீர்க்க முடியும். ஆகவே உங்களுக்கு அடி கொடுத்தவரை ஊரே கொண்டாடினாலும், "எனக்கு அவர் செய்தது தப்பு" என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதேபோல, உங்களுக்கு நல்லவராக இருந்தவர் இன்னொருவரைக் கெடுத்திருந்தால், அந்த இன்னொருவர் சார்பில் நீங்கள் மன்னிக்க முடியாது. நான் அந்த மூத்தவரை மன்னிக்கலாம். அவர் எனக்குப் பின்னால் வந்த ஒரு பெண்ணின் உழைப்பையும் இதேபோல் எடுத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டபோது, அதை மன்னிக்க நான் யார்?

ஆமாம், மறுபடி செய்தார். என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வருடம் கழித்து.

இந்த இடத்தில் நம் மொழி நமக்கு ஒரு கருவி கொடுத்திருக்கிறது. 'திருடியவன்' என்பது வினையாலணையும் பெயர். அதற்குள் காலம் இருக்கிறது, ஒரு நாள் ஒரு செயல் நடந்தது என்று சொல்கிறது. 'திருடன்' என்பதில் காலம் இல்லை. நேற்று, இன்று, நாளை, தூங்கும்போதுகூட அவன் திருடன்தான். பொய் சொன்னவர், பொய்யர். ஏமாற்றியவர், ஏமாற்றுக்காரர். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த இலக்கணம் இவ்வளவு தூரம் வரும் என்று நான் நினைத்ததில்லை. வெட்கத்துக்கும் குற்ற உணர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பல வருடம் ஆராய்ந்த ஜூன் டாங்னி என்ற உளவியலாளரின் முடிவும் இதை ஒட்டித்தான் வருகிறது. "நான் செய்தது தப்பு" என்று உணர்பவர் அதைச் சரிசெய்யப் பார்க்கிறார். "நானே கேவலமான ஆள்" என்று உணர்பவர் ஒளிகிறார், மறைக்கிறார், பழியை அடுத்தவர் மேல் போடுகிறார், சிலசமயம் பாய்ந்து கடிக்கிறார். அதாவது, ஒருவரைத் 'திருடன்' என்று முத்திரை குத்துவது அவர் திருந்துவதற்கும் உதவாது. 'திருடினாய்' என்று முகத்துக்கு நேரே சொல்வது உதவக்கூடும். இரண்டாவதைச் சொல்லத்தான் துணிச்சல் வேண்டும். முத்திரை குத்துவது முதுகுக்குப் பின்னாலேயே முடிந்துவிடும்.

ஆனால் அவசரப்பட்டு மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேயர் 1748-ல் நடுக்கடல் புயலில் உயிர் பிழைத்து, கடவுளிடம் திரும்பிவிட்டதாகச் சொன்னார். அதற்கப்புறம்தான் அவர் அடிமைகளை ஏற்றிச்செல்லும் கப்பல்களுக்குத் தலைவராகவே ஆனார்! 1754-ல் அந்தத் தொழிலிலிருந்து கரையேறியதும் உடம்பு ஒத்துழைக்காததால்தான், மனசாட்சியால் இல்லை. பாதிரியார் ஆனார், பேர் வாங்கினார். அடிமை வணிகத்தின் கொடுமையையும் அதில் தன் பங்கையும் ஒப்புக்கொண்டு பகிரங்கமாக எழுதியது 1788-ல். நாற்பது வருடம்! அந்த வணிகத்தைத் தடை செய்யும் சட்டம் பிரிட்டனில் 1807-ல் வந்தது, அதே வருடக் கடைசியில் அவர் இறந்தார். நல்லவராக மாறிய தேதி என்று இவர் வாழ்க்கையில் எதைக் குறிப்பது? எனக்குத் தெரிந்த பெரும்பாலானோரின் மாற்றமும் இப்படித்தான், ஒரு அறையில் விளக்கு எரிய மற்ற அறைகள் இருட்டாகவே கிடக்கின்றன.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன், ஏமாளி ஆகிவிடுவேனோ என்பது. அது வீண் பயம் இல்லை. வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்களிடம் பேசி லெனோர் வாக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-ல் விவரித்த ஒரு சுழற்சி உண்டு. பதற்றம் கூடுகிறது, அடி விழுகிறது, பிறகு அழுகை, மன்னிப்பு, பரிசு, பாசம். எல்லா வீட்டிலும் இதே வரிசையில் நடக்கும் என்று இல்லை. ஆனால் அந்த மூன்றாவது கட்டத்தில் தெரியும் நல்லது பல சமயம் பொய்யே இல்லை, அவர் நிஜமாகவே அழுகிறார். அது நிஜமாக இருப்பதுதான் அங்கிருப்பவரை வெளியேற விடாமல் கட்டிப்போடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர் முதலில் பத்திரமான தூரத்துக்குப் போக வேண்டும். நல்லதைப் பார்ப்பதை அங்கிருந்து நிதானமாகச் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். "அவரிடம் நல்லதும் இருக்கிறது" என்ற வாக்கியத்துக்கு அப்புறம் 'ஆகவே' வந்தால் ஜாக்கிரதை. அங்கே 'ஆனாலும்' வருகிறதா என்று பாருங்கள்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தபின் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் 1996-ல் இயங்கத் தொடங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இப்படிப் பிரித்து வைப்பதையே வேறு விதமாகச் செய்தது. அரசியல் நோக்கத்தோடு குற்றம் செய்தவர், செய்ததை ஒன்று விடாமல் சொன்னால் பொதுமன்னிப்பு கேட்கலாம். வருந்துகிறேன் என்று சொல்ல வேண்டும் என்றுகூட நிபந்தனை இல்லை. சுமார் 7,000 பேர் விண்ணப்பித்தார்கள், பெரும்பாலோருக்கு மறுக்கப்பட்டது. அந்த ஏற்பாடு பற்றி இன்றும் சண்டை உண்டு, பாதிக்கப்பட்ட குடும்பங்களில் பலர் ஏற்கவே இல்லை. எனக்கு அதில் பிடித்தது, அழுகையைவிட உண்மையை முக்கியமாக வைத்தது. வீட்டளவிலும் இது பொருந்தும். "ஸாரி, ஸாரி" என்பவரைவிட, "ஆமாம், அன்றைக்கு நான்தான் எடுத்தேன், உன் பெயரை வேண்டுமென்றேதான் விட்டேன்" என்பவரிடம் பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது.

செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். 'நல்ல மனசு' என்று ஒன்றைத் தேடாதீர்கள், அது யாரிடமும் கண்ணுக்குத் தெரியாது. நடந்ததைத் தேடுங்கள், நேரத்தோடு, இடத்தோடு. யார் வந்தார், எப்போது, என்ன செய்தார். தனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாத ஆளிடம் அவர் எப்படி நடந்துகொண்டார். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால் சரி, கிடைக்கவில்லை. கட்டாயப்படுத்திக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சிலரிடம் உங்களுக்கென்று எதுவுமே இருக்காது. கிடைத்தால் குற்றத்துக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள், இரண்டையும் கூட்டவும் வேண்டாம் கழிக்கவும் வேண்டாம்.

அந்த மூத்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார், பொழுது போகவில்லையாம். "ஏதாவது எழுதிக்கொண்டிருக்கிறாயா? அனுப்பேன், ஒரு பார்வை பார்க்கிறேன்" என்றார். "வீட்டுக்கே வருகிறேன் சார், உட்கார்ந்து பேசலாம். எழுதியது மட்டும் என்னிடமே இருக்கட்டும்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தார். "இன்னும் மறக்கவில்லையா நீ?" "இல்லை சார். அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்ததையும் மறக்கவில்லை" என்றேன். "சரி சரி, ஞாயிற்றுக்கிழமை வா" என்று வைத்துவிட்டார்.